ஒருபொழுது என்று சொல்லிவிட்டேன்

20 ஜனவரி 2025, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் எல்லா ஐம்பது வயதுப் பெண்ணிடமும் சொல்வது.

அலுவலகத்தில் ஜான்சி தீபாவளியிலிருந்து காலைச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டுவரைதான் சாப்பாடு. மீதி பதினாறு மணி நேரம் தண்ணீர், அல்லது பாலில்லாத டீ. "முட்டிவலி போயிடுச்சு மேடம். மூஞ்சிய பாருங்க, பளபளன்னு இல்ல?" என்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். எனக்கு எப்போதும் போலத்தான் தெரிந்தது. நான் புள்ளியியல் படித்தவள், அந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவள். ஒரு ஆளை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வகுப்பில் சொல்லித் தந்த பாடம்.

இருந்தாலும் நாளையிலிருந்து செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். நம்பாமல் செய்கிற சோதனைதான் நல்ல சோதனை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். காலையில் ஆறு இட்லி உள்ளே போகாமல் கடைச் சாவியைத் தொடாத மனிதர். "ரெண்டு நாளு. மூணாம் நாளு நீயே பூரி சுடுவ பாரு" என்றார்.

24 ஜனவரி, வெள்ளி

பசி பத்து மணி வாக்கில் வருகிறது. கதவைத் திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. இதற்கா இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தேன்?

2 பிப்ரவரி, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். சமைக்கும்போது என் வாய்க்குள் போகவிருந்ததையெல்லாம் வாயில் போடாமல் ஒரு கிண்ணத்தில் போட்டுவந்தேன். உப்புப் பார்க்கிற கறித்துண்டு, தட்டில் ஒட்டியிருந்த அப்பளம், நேற்று மீந்த அரைத் தோசை, வடைக்கு உருட்டும்போது கையில் நின்ற பருப்பு. மதியத்துக்குள் கிண்ணம் நிரம்பிவிட்டது. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். 'நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லை டாக்டர்' என்று சொல்லியிருக்கிறேன், போன மாதம்கூட. பொய்யென்று தெரியாமலே.

இவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "அந்தக் கிண்ணத்த இப்படித் தள்ளு" என்றார். ஒரு துண்டு எடுத்ததோடு சரி.

7 பிப்ரவரி, வெள்ளி

இவர் சிதம்பரம் போய்வந்தார். அங்கே ஒரு தோப்புக்காரருக்குக் கடையிலிருந்து தண்ணீர் மோட்டார் இறக்கவேண்டுமாம். அப்படியே அக்கா வீட்டிலும் தலைகாட்டிவிட்டு வந்திருக்கிறார். ராத்திரி சாப்பிடவில்லை. வெயில் என்றார். பிப்ரவரியில் என்ன வெயிலோ.

9 பிப்ரவரி, ஞாயிறு

நம்ப முடியவில்லை. காலையில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றப் போனேன். "எனக்கும் வேணாம். நானும் உன்கூடச் சேந்துக்கறேன்" என்றார்.

"எதுல?"

"அதான், உன் ஃபாஸ்டிங்குல. தொப்பையக் கொறைக்கணும்."

காதில் சரியாக விழுந்ததா என்று இன்னொரு தடவை கேட்டேன். கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் நான் சொன்னதைக் கேட்டு இவர் மாற்றிக்கொண்ட முதல் விஷயம். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

1 மார்ச், சனி

வாரா வாரம் எடை பார்க்கிறோம். இன்று மொத்தமாகக் கணக்குப் போட்டேன். எனக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. இவருக்கு ஐந்து! மெஷின் தப்போ என்று அரிசி மூட்டையை வைத்துச் சரிபார்த்தேன். மெஷின் சரி.

கைதட்டினேன். போனில் இரண்டு பேருக்கும் எடை வளைகோடு போட்டுச் சென்னைக்கு, மகள் கயலுக்கு, அனுப்பினேன். உடனே குரல் வந்தது: "அப்பாதான் வின்னர்! அம்மா, நீ திருட்டுத்தனமா முறுக்கு துன்றியா?" இவர் சிரித்தார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பொறாமை. எழுதிவைக்கிறேன், பொய் எதற்கு.

9 மார்ச், ஞாயிறு

காடாம்புலியூரில் கல்யாணம். பெரியப்பா மகன் சுப்பிரமணியன் மண்டபத்து வாசலிலேயே இவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன மச்சான், பாதியா போயிட்ட? பேன்ட்டு உன்னுதா, கடன் வாங்குனதா?"

"உன் தங்கச்சி பட்டினி போடறாடா. கேக்க ஆளில்ல."

சுற்றியிருந்தவர்கள் அப்படிச் சிரித்தார்கள். மூன்று பெண்கள் என்னைத் தனியாகக் கூட்டிப்போய் முறை கேட்டார்கள். இன்சுலின், கல்லீரல், கொழுப்பு என்று நான் — கூட்டத்தில் வாய் திறக்காதவள் — நின்றுகொண்டே விளக்கினேன். பந்தியில் இவர் ரசம் சோறு கொஞ்சம் பிசைந்தார், இலையை மூடிவிட்டார். முந்திரிப் பாயசம் அப்படியே இருந்தது. "என்ன ஒரு கட்டுப்பாடு பாருங்க" என்று சித்தி எல்லோரிடமும் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

19 மார்ச், புதன்

அலுவலகத்தில் ஜான்சிக்குத் தவக்காலம், பாஷா சாருக்கு நோன்பு. மதியம் சாப்பாட்டு மேசையில் நான் மட்டும்.

இவருக்கு இன்னும் குறைந்திருக்கிறது. ஆனால் மதியம் கடைக்குக் கொடுத்தனுப்பும் டிபன் பாக்ஸ் துடைத்ததுபோல் காலியாகத் திரும்புகிறது. அவ்வளவையும் சாப்பிட்டும் குறைகிறதென்றால் எப்படி? ஆம்பிளை உடம்பு வேறு என்கிறாள் ஜான்சி. இருக்கலாம்.

29 மார்ச், சனி

எழுத்து கோணலாக விழுகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

சிதம்பரம் போயிருந்தேன். இவருடைய அக்கா ராசம்மாள் அண்ணிக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள், பார்த்துவரலாம் என்று. வண்டிகேட் ஸ்டாப்பில் இறங்கி, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அண்ணி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இன்று அமாவாசை. மருமகள் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். வந்தவளுக்கு முதலில் இட்லி வைத்தாள்.

"வேணாம் அண்ணி. காலையில நான் சாப்பிடறதில்ல."

"ஏன், ஒருபொழுதா?"

பதினாறு மணி நேரக் கணக்கை அண்ணியிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? சோம்பல். விரதம் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள் என்ற சௌகரியம். "ஆமா அண்ணி, ஒருபொழுதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி தடவித் தடவி என் கையைப் பிடித்தார்.

"அமாவாச ஒருபொழுது புருசன் இருக்குறவ இருக்கமாட்டாளேடி. நம்ப வழக்கத்துலயே கெடையாதே. தாலிக்குன்னு வேண்டிக்கிட்டாத்தான் இருப்பாங்க." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அப்போ எந்தம்பி கார்த்தி சொல்லிட்டானா உங்கிட்ட?"

எதை என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? தெரியவில்லை. நான் பேசாமலிருந்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"நல்ல வேள. எந்நேரமும் நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருந்துச்சு செல்வி. யாருகிட்டயும் மூச்சு உடக் கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டுப் போனான். இங்க ஒரு டாக்டரு வாய் வழியா கொழாய உட்டுப் பாத்துட்டு, வயித்துக்குள்ள புண்ணு இருக்குது, சதைய எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும், ஒடனே பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னாரு. இவன் எந்திரிச்சி வந்துட்டான். எங்கப்பாவுக்கும் அதே எடந்தான். இங்கதான், இந்தக் கட்டில்லதான் ஒக்காந்து அழுதான். சோறு எறங்க மாட்டேங்குதுக்கா, நாலு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குதுன்னு."

"எப்ப அண்ணி?"

"தை கடைசி வெள்ளிக்கெழம. மோட்டாரு எறக்க வந்தானே."

கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. மருமகள் ஓடிவந்தாள். "அய்யோ அத்த, கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க!" அண்ணி அழுகையை நிறுத்தப் பார்க்கிறார், முடியவில்லை. நான் பஞ்சை எடுத்து அவர் கன்னத்தை ஒற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையே வரவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது, அழுகை இல்லை, கணக்கு. ஏழாம் தேதி வெள்ளி. ஒன்பதாம் தேதி ஞாயிறு — 'நானும் உன்கூடச் சேந்துக்கறேன்.'

சோறு இறங்காத மனுசனை வாரா வாரம் மெஷினில் ஏத்தி நிக்க வெச்சு கைதட்டியிருக்கேன். படம் போட்டு மகளுக்கு அனுப்பியிருக்கேன். எவ்வளவு படிச்சு என்ன? என்னடி படிச்ச நீ?

30 மார்ச், ஞாயிறு

நேற்று எதுவும் பேசவில்லை. இன்று காலையில் இவர் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தோள்பட்டை எலும்பு இரண்டும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டிருந்தன. தினமும் பார்க்கிற தோள். தொப்பை போய்விட்டது என்றுதான் பார்த்துவந்திருக்கிறேன்.

"அண்ணி சொன்னாங்க" என்றேன்.

பேப்பரை மடித்தார். முதலில் வந்த வார்த்தை: "சத்தியம் பண்ணுச்சே அது!"

"அவங்க மேல தப்பில்ல. எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டாங்க. ஏங்க எங்கிட்ட சொல்லல?"

மடித்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லா வூட்லயும் புருசன் சாப்பிடலன்னா ஏன் ஏன்னு தொளைப்பாளுங்க. நீ கைதட்டுன. எனக்கு வசதியாப் போச்சி."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

பாண்டிச்சேரிக்குப் போகலாம் என்றேன். முடியாது என்றார். "கத்தி பட்டா பரவிடும். எங்கப்பா ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாரு. அறுத்ததுக்கப்புறம் எந்திரிக்கவே இல்ல."

அது முப்பது வருடத்துக்கு முந்தைய வைத்தியம், தாமதமாகப் போனதால் அப்படி ஆனது, இப்போது முன்னாலேயே பிடித்தால் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர் — தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "ஒரே ஒரு ஆள வெச்சி முடிவு கட்டாதீங்க" என்றேன்.

"அந்த ஒரு ஆளு எங்கப்பா, செல்வி."

எழுந்து போய்விட்டார்.

31 மார்ச், திங்கள்

ரம்ஜான் விடுமுறை. கடைக்குப் போனேன். இவர் வசூலுக்கு வெளியே போயிருந்தார். கணக்குப் பார்க்கிற சுப்புராயன் மட்டும் இருந்தார். டிபன் பாக்ஸைப் பற்றிக் கேட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"காலி பாக்ஸு போனாத்தான் வூட்ல நிம்மதியா இருப்பாங்க, நீ துன்னுடா சுப்புராயான்னாரும்மா. முடியாதுன்னா சொல்ல முடியுமா? இங்கயும் துன்னுட்டு, வூட்டுக்குப் போனா அவ வேற வெச்சிருப்பா. அதையும் துன்னணும். ஒடம்ப பாருங்கம்மா, ஊதிப்போச்சி."

உண்மைதான். சட்டைப் பொத்தான் பிதுங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். நடுக்கடையில், பிவிசி பைப்புகளுக்கு நடுவில். அவரும் பயந்துபோய்க் கொஞ்சம் சிரித்தார். பிறகு இரண்டு பேருமே எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றோம்.

1 ஏப்ரல், செவ்வாய்

நேற்று மதியத்திலிருந்து நான் சாப்பிடவில்லை. இவரிடம் சொல்லிவிட்டேன், பாண்டிச்சேரிக்குக் கிளம்பினால்தான் சோறு என்று.

நானா இது? சாப்பிடாமல் படுத்துக்கொண்டு காரியம் சாதிக்கிற பெண்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது. அம்மா அப்படிச் செய்வாள், அவளோடு எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் கையில் இருந்த எண்ணிக்கையெல்லாம் தீர்ந்துபோயிற்று.

இவர் அசையவில்லை. "பாதி நாளு சும்மாவே பட்டினி கெடக்குறவ நீ. உன்னப் பாத்து யாரு பயப்படுவா?"

அதுவும் சரிதான். ஆனால் இது வேறு. இத்தனை நாள் பன்னிரண்டு மணி ஒன்று வரப்போகிறது என்று தெரியும். இன்று அது வந்தது, போயிற்று.

2 ஏப்ரல், புதன்

காலையில் சிதம்பரத்திலிருந்து போன். அண்ணியின் மருமகள். "சித்தி, அத்தயும் நேத்துலருந்து சாப்பிடல. நீங்க பட்டினி இருக்கறதா நேத்து போன்ல சொன்னீங்களே, அத நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். சுகர் மாத்திரைய மட்டும் போட்டுக்கிச்சி. தல சுத்துதுங்குது."

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. மாவுக் கை. இவர் கேட்டுவிட்டார். கத்தினார், வீடு அதிர.

"கண்ணு ஆபரேசன் பண்ண பொம்பள! அதுக்கு அறிவு வேணாம்? உனக்கு வேணாம்? ரெண்டு பேரும் சேந்து என்னக் கொல்லப் பாக்கறீங்களா?"

உள்ளே போனார். கைலியை மாற்றிக்கொண்டு பேன்ட்டில் வந்தார். பெல்ட்டைக் கடைசி ஓட்டைக்கும் அப்பால் இழுத்துப் பிடித்திருந்தார்.

"கெளம்பு. மொதல்ல அக்காவ சாப்பிடச் சொல்லு. நீயும் எதனா துன்னுட்டு வா. வழியில மயங்கி உழுந்தின்னா யாரு தூக்கறது? உன்னத் தூக்கற நெலமையிலயா இருக்கேன் நானு?"

தன் உடம்பைப் பற்றி என்னிடம் அவர் சொன்ன முதல் உண்மை. நின்றுகொண்டே மூன்று இட்லி தின்றேன், சட்னி இல்லாமல். மணி பார்க்கவில்லை.

4 ஏப்ரல், வெள்ளி

குழாய் விட்டார்கள். இந்த முறை எழுந்து ஓடவில்லை. சதை எடுத்தாயிற்று. என் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார்.

11 ஏப்ரல், வெள்ளி

முடிவு வந்தது. அதேதான்.

12 ஏப்ரல், சனி

டாக்டர் சின்ன வயதுக்காரர், நிதானமானவர். ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, எடுத்துவிடலாம் என்றார். முதலில் அறுவை, பிறகு மருந்து. வயிற்றில் பாதிக்கு மேல் போகும்.

"எப்பத்திலிருந்து எடை குறையுது? சுமாரா ஞாபகம் இருந்தா சொல்லுங்க."

போனை எடுத்துக் கொடுத்தேன். வாரவாரியாக. ஏறி இறங்காமல், சரிவு மட்டுமே உள்ள கோடு. டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா யாருமே கொண்டுவந்ததில்லைம்மா. ரொம்ப உபயோகமா இருக்கும்" என்றார்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

13 ஏப்ரல், ஞாயிறு

கயல் சென்னையிலிருந்து வந்துவிட்டாள். "நான் வின்னர்னு சொன்னேனேம்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். "எனக்குக்கூடச் சந்தோஷமாத்தான் இருந்துச்சி, போ" என்கிறார் இவர். அவளை அவர்தான் தேற்றுகிறார்.

28 ஏப்ரல், திங்கள்

எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. ஜான்சி சொன்னதில் தப்பே இல்லை. அவள்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அழுகிறாள், ஏதோ அவள் செய்ததுபோல. முறை என் உடம்பில் வேலை செய்திருக்கிறது. இவர் உடம்பில் நடந்தது வேறு. இரண்டு கோடும் ஒரே திசையில் போனதால் காரணமும் ஒன்றே என்று நினைத்தேன். முதல் வருட மாணவி செய்கிற பிழை. அவள் செய்தால் மதிப்பெண்தான் போகும்.

6 மே, செவ்வாய்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ராசம்மாள் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தார். நான் எதையும் சொல்லவில்லை. அவர் நிறுத்தியபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். மறுபடி ஆரம்பித்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்து, எடுத்துவிட்டோம் என்றார்.

7 மே, புதன்

கண் திறந்தார். "கத்தி பட்டுருச்சா?" என்று கேட்டார். பட்டுவிட்டது என்றேன்.

19 மே, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இனிமேல் இரண்டு மணிக்கொரு தரம் சாப்பாடு, ஒரு கைப்பிடி. வயிறு அவ்வளவுதான் இருக்கிறது. காலை, மதியம், ராத்திரி என்பதெல்லாம் இந்த வீட்டில் போயிற்று. அடுப்பு எந்நேரமும் சூடாக இருக்கிறது. தனியாக உட்கார்ந்து சாப்பிடமாட்டேன் என்கிறார், அதனால் நானும் ஒரு கரண்டி வைத்துக்கொள்கிறேன்.

8 ஜூன், ஞாயிறு

முதல் மருந்து ஏற்றிய வாரம். ஒன்றும் சொல்வதற்கில்லை. வாந்தி. எங்கள் பேட்டை, செம்மண்டலம் முழுக்கவே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள்.

22 ஜூன், ஞாயிறு

காலையில் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தேன். நாலு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷத்தில் ஒரு பதிலுக்குத் தயாராக இருந்தேன் — போதும், வயிறு நிறைஞ்சிடுச்சி, அப்புறம் குடிக்கறேன்.

"வலிக்குது செல்வி" என்றார்.

"எங்க?"

"இங்க." விரலை வைத்துக் காட்டினார், தையலுக்குக் கொஞ்சம் மேலே. "வேகமா குடிச்சிட்டேன் போல. பிசையற மாதிரி இருக்குது."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸ் எல்லாம் கேட்டுக்கொண்டு, சாய்ந்து உட்காரவைத்து அரைமணி நேரம் பாருங்கள், அதற்கும் குறையாவிட்டால் கூட்டிவாருங்கள் என்றாள். முதுகுக்குத் தலையணை வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"இன்னும் இருக்கு."

அப்புறம் கேட்டேன்.

"கொறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் இருக்கு."

மூன்றாவது முறை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், போயிடுச்சி என்று. நம்பினேன். கஞ்சியைத் திரும்பச் சுட வைக்க எழுந்தேன்.